இருபத்தைந்து அடிச் சுருள்

குறிஞ்சிப்பிட்டி,
கற்பிட்டி.
20 பெப்ரவரி 2025, வியாழக்கிழமை.

அன்புள்ள மகன் றிஸ்கானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே வாப்பாவும் உம்மாவும் தங்கச்சி நஸ்ஹாவும் அல்லாஹ்வின் கிருபையால் எழும்பி நடமாடுகிறோம், நீயும் மருமகள் எல்மாவும் அந்தக் குளிரில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறோம். கேட்கிறோம் என்று உம்மாவையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன். அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் மஃரிபுக்குப் பிறகு அவள் கையேந்தி இருக்கிற நேரம் முன்னைவிட நீண்டுவிட்டது, சில நாளில் சோற்றுக்கு நான்தான் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

உன் கூட்டாளி றிஸ்மின் லீவு முடிந்து நாளை சுபஹு தொழுததும் புறப்படுகிறான், நீ அவனிடம் கொடுத்தனுப்பிய சினிமாக் கெமராவும் நான் எடுத்து முடித்த பிலிம் சுருளும் இந்தப் பொதியில் அவனோடேயே திரும்பி வருகின்றன. இதையெல்லாம் போனில் சொல்லியிருக்கலாமே என்று நீ நினைப்பாய். நம் வீட்டில் போனில் பேசுவதும் பள்ளிவாசலில் ஒலிபெருக்கி பிடித்துப் பேசுவதும் ஒன்றுதான், அடுத்த அறையில் உம்மாவின் தையல் மெஷின் நின்றுவிட்டால் அவள் காது கொடுத்திருக்கிறாள் என்று அர்த்தம். அதனால் எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. நான் எடுத்த படத்தை நான் பார்க்கவில்லை, எல்மா அங்கே கழுவினால்தான் அதில் என்ன விழுந்திருக்கிறது என்று தெரியும். முப்பத்தொரு வருடம் உப்பளத்தில் பாத்தித் தண்ணீரின் கனத்தைக் கண்ணாடிக் குழாயால் அளந்து கொப்பியில் பதிந்தவன் நான், என்ன இருக்கிறது என்று எழுதாமல் ஒரு சாமானைக் கைமாற்றி எனக்குப் பழக்கமில்லை. இதில் என்ன இல்லை என்பதையும் எழுத வேண்டியிருக்கிறது.

நீ இதை எல்மாவுக்கு வாசித்துக் காட்டுவாய் என்பதால் உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்கிறேன், குறை நினைக்காதே. 2022 ஜூன் மாதம் நீ எனக்குப் போன் எடுத்து, வருகிற சனிக்கிழமை அங்கே பள்ளியில் வைத்து நிக்காஹ் என்றாய், பிள்ளை பொஸ்னியாக் குடும்பம், நம் ஆட்கள்தான் என்றாய். நல்ல நேரம் பார்த்து உம்மாவிடம் சொல்கிறேன் என்று நான் பொறுப்பெடுத்தேன். அந்தக் கிழமை அவளுக்கு இரண்டு கல்யாண வீட்டு உடுப்பு கையில் இருந்தது, அவள் முகத்தைப் பார்த்துப் பார்த்து நாளைத் தள்ளினேன், நல்ல நேரம் வரவேயில்லை. சனிக்கிழமையும் போய்த் திங்கட்கிழமை நம் பின்வளவு மார்த்தா தைத்த சட்டையை வாங்க வந்தாள். வந்தவள், நல்ல சோடி, எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் விட்டீங்களே என்று பேஸ்புக்கில் இருந்த உங்கள் கல்யாணப் படத்தை உம்மாவிடம் நீட்டினாள். மார்த்தாவில் பிழையில்லை. பிழையில் பாதி உன்னுடையது, பாதி என்னுடையது. உம்மா படத்தைப் பார்த்தாள், இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள், போனைத் திருப்பிக் கொடுத்தாள், மார்த்தாவின் சட்டைக்கு மிச்சமிருந்த பொத்தானையும் தைத்துக் கொடுத்தனுப்பினாள். பின்னேரம் என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"என்ட மகன்ட கல்யாணத்த நான் போன்ல பாத்தன். என்ட முகத்த அவன் போன்ல பாக்க வேணாம்."

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும், நீ வட்ஸ்அப்பில் வந்தால் அவள் அடுப்படிக்குப் போய்விடுவாள், நானும் நஸ்ஹாவும் போனைப் பின்னால் கொண்டுபோனால் கிணற்றடிக்குப் போய்விடுவாள். உனக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. நீ பிறந்த நாளிலிருந்து அவள் என்னைக் கூப்பிடுவது றிஸ்கான்ட வாப்பா என்று. அந்தத் திங்கட்கிழமையிலிருந்து நான் நஸ்ஹாட வாப்பா ஆகிவிட்டேன். முதல் நாள் அவள் கூப்பிட்டபோது வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று நினைத்து நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டரை வருடத்துக்கு மேல் உன் பெயர் அவள் வாயில் வரவில்லை. நான் இதை உனக்குச் சொல்லாமல் விட்டது நீ அங்கே மனம் நொந்து கிடப்பாய் என்றுதான், எனக்கும் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

ஆகவே போன் இல்லாத ஒரு சாமானை நீ யோசித்துப் பிடித்தது கெட்டித்தனம்தான். றிஸ்மின் பிஸ்கட் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தான், கெமராவும் இரண்டு சுருளும் உன் கையெழுத்தில் இரண்டு பக்கக் குறிப்பும். கரண்ட் வேண்டாம், பற்றரி வேண்டாம், சாவி முறுக்கினால் அரை நிமிடம் ஓடும், வயதில் எனக்கு மூத்ததாக இருக்கும் போலிருக்கிறது. குறிப்பின் கடைசியில், வாப்பா, மற்றதெல்லாம் உங்கள் விருப்பம், உம்மாவின் முகம் பத்து விநாடி போதும் என்று எழுதியிருந்தாய். நான் அந்த வரியை இரண்டாவது தரம் வாசிக்கவில்லை.

இனி என்னுடைய முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். சுருள் இருபத்தைந்து அடி என்று நீ எழுதியிருந்தாய். எழுதியிருப்பதை அளக்காமல் நம்பி எனக்குப் பழக்கமில்லை, உம்மாவின் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு விறாந்தையில் உட்கார்ந்து, லுஹர் நேரத்து உச்சி வெயிலில், ஒரு சுருளை முழுதாக இழுத்து அளந்தேன். முப்பத்துமூன்று அடி இருந்தது. எட்டடி கூட வைத்திருக்கிறார்களே, நல்ல மனிதர்கள் என்று சந்தோஷப்பட்டு, குறிப்பின் அடுத்த பக்கத்தைத் திருப்பினால், வெளிச்சத்தில் ஒரு விநாடியும் பிரிக்க வேண்டாம் என்று நீ சிவப்பு மையில் கோடு போட்டு எழுதியிருந்தாய். அதை முதல் பக்கத்தில் எழுதியிருக்கலாம், மகன். முன்னுக்கு நாலடியும் பின்னுக்கு நாலடியும் வெளிச்சம் பட்டால் படட்டும் என்று விடுகிற மிச்சம் என்பதையும் பிறகுதான் வாசித்தேன். உம்மா மெஷினிலிருந்து எட்டிப் பார்த்து, வெட்டின துணியை நிலத்தில் பரத்துகிறவன் டெய்லரா என்று மட்டும் கேட்டாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அப்படித்தான் இரண்டு சுருள் ஒன்றாகியது.

மிஞ்சினதைக் கெமராவில் போடுவதற்கு நிழல் போதும் என்று நீ எழுதியிருந்தாலும் அதற்குப் பிறகு எந்த நிழலையும் நான் நம்பவில்லை. இந்த ஊரில் இருட்டறைக்கு எங்கே போவது, ஓட்டுக்கு இடையாலும் வெயில் வருகிறது. அறைக் கதவுக்குப் பின்னால் உம்மாவின் அபாயா தொங்கியது. அதை எடுத்துக் கழுத்தைக் கயிற்றால் கட்டி, கீழ்ப்பக்கத்தைச் சுருட்டி முடிந்து, உள்ளே கெமராவையும் சுருளையும் வைத்து, இரண்டு கையையும் சட்டைக் கையின் வெளிப்பக்கத்தால் உள்ளே விட்டேன். அச்சாவாகப் பொருந்தியது. கை மட்டும் உள்ளே தடவிக்கொண்டிருக்க நான் கட்டிலில் உட்கார்ந்திருந்த நேரம் உம்மா அஸர் தொழ வந்துவிட்டாள். தன்னுடைய அபாயாவுக்குள் புருஷன் கை விட்டுக்கொண்டு மேலே பார்த்தபடி உட்கார்ந்திருப்பதைக் கண்டால் யாருக்கும் சிரிப்பு வரும், அவளுக்கும் வந்தது, முகத்தை மூடிக்கொண்டு தொழப் போனாள். தொழுதுவிட்டு வந்து துணியைத் தூக்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். ஒற்றைத் துணி, வெளிச்சம் விடும், எடுங்கள் கையை என்றாள். அடுத்த நாள் காலை மெஷின் மேசையில் ஒரு பை இருந்தது, கறுப்புத் துணி இரண்டு மடிப்பு, இரண்டு கை, கை வாயில் இலாஸ்ரிக், அடியில் சிப், சிப்புக்கு மேல் இன்னொரு மடிப்பு. யாருக்கு, எதற்கு என்று ஒரு கேள்வி இல்லை. அந்தப் பையும் பொதியில் இருக்கிறது, எல்மாவிடம் கொடு. அதன் தையலைப் பார்க்கச் சொல், உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒன்றுபோல இருக்கும்.

சுருளின் முதல் பக்கத்தில் எடுத்தது இவ்வளவுதான். நம் கிணறு, வாளி மேலே வருவது. புகையிலைத் தோட்டத்துக்கு நஸ்ஹாவின் மாப்பிள்ளை தண்ணீர் கட்டுவது, தலை வெட்டுப்பட்டிருக்கலாம், பார்க்கிற ஓட்டை ஓரிடத்தில் லென்ஸ் ஓரிடத்தில் இருந்தால் நான் என்ன செய்வது. களப்பில் படகு தள்ளுவது. பட்டத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் ஓடுகிற வெள்ளைக்காரர் இரண்டு பேர், அதில் ஒருவன் கெமராவைக் கண்டு ஓடி வந்து, என்னைக் கட்டிப்பிடித்து ஈரமாக்கி, என்னவோ எல்லாம் சொன்னான். நம் பேத்தி அஸ்ரியா முன்பல் விழுந்த வாயைத் திறந்து காட்டுவது, அது அவளே கேட்டு எடுத்தது, மாமாவுக்குக் காட்ட வேண்டுமாம். லென்ஸ் வளையத்தை வெயிலுக்கு 16, மூட்டத்துக்கு 8 என்று நீ எழுதியதை அப்படியே வைத்தேன், ஆனால் அந்தக் கணக்கு உங்கள் ஊர் வெயிலுக்கு. களப்போரத்தில் எடுத்தது வெள்ளையாகப் போயிருந்தால் என்னைக் குறை சொல்லாதே. உம்மாவை ஒருமுறை எடுக்கப் பார்த்தேன். மறைந்து நின்று எடுக்கவில்லை, அறை வாசலில் நேராகத்தான் நின்றேன், அவள் முதுகுப் பக்கம். கெமரா ஓடத் தொடங்கியதும் மெஷினிலிருந்து திரும்பாமலே, நஸ்ஹாட வாப்பா, அதை நிப்பாட்டுங்க என்றாள். நிப்பாட்டினேன். ஆகையால் உம்மாவின் முதுகும் முக்காடும் மூன்று விநாடி இருக்கிறது.

ஒரு பக்கம் முடிந்தால் சுருளைப் பிரட்டிப் போட வேண்டும், அப்போது அதே பிலிமின் மற்றப் பாதியில் படம் விழும், பிறகு எல்மா அதை நீளப்பாட்டுக்கு இரண்டாகக் கிழிப்பாள் என்று நீ எழுதியதை உம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இந்தக் கணக்கு அவளுக்கு உடனே விளங்கிவிட்டது, துணியை மடித்து வெட்டுகிற ஆள்தானே. பிரட்டிப் போடும்போது பையின் வாயைத் தானே பிடித்துக்கொண்டாள். நான் உள்ளே கையை விட்டுத் தடவிக்கொண்டிருக்கிறேன், அவள் மெதுவாக, கெமரா யாருடையது என்று கேட்டாள். இம்முறை நான் மறைக்கவில்லை, அந்தப் பிள்ளையுடையது என்றேன். யார் கழுவுவது என்றாள். அதுவும் அவள்தான், அதுதான் அவளுக்குத் தொழில் என்றேன். அப்படியென்றால் முதலில் பார்ப்பது அவளா என்றாள். ஓம் என்றேன். பையை மட்டும் விடாமல் பிடித்திருந்தாள்.

நான் அதை நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டேன், என் கணிப்புகள் இப்படித்தான். இரண்டாவது பக்கத்தில் பாதியை உம்மாவுக்கென்று ஒதுக்கிவிட்டு அவளிடம் நேராகவே சொன்னேன், இது போன் இல்லை, நீங்கள் சொன்ன சொல்லும் உடையாது, பத்து விநாடி வந்து நில்லுங்கள், றிஸ்மின் வெள்ளிக்கிழமை போகிறான் என்று. கேட்டுக்கொண்டாள். பதினொரு நாள் போனது. அந்தப் பதினொரு நாளும் கெமராவுக்குச் சாவி முறுக்கி விறாந்தை மேசையில் வைத்திருந்தேன், அவள் அதைத் தூசி தட்டி வைத்தாள், அவ்வளவுதான்.

இடையில் வீட்டுப் புதினம். நஸ்ஹாவுக்கு மாம்புரிப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் கிடைத்துவிட்டது, பஸ்ஸில் கால்மணி நேரம், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போகிறாள். மழை பிந்தி நின்றதால் உப்பு இந்தமுறை சரியாக விளையவில்லை, கடையில் இந்தியா உப்புப் பைக்கற் தொங்குகிறது, அதைக் கண்டு எனக்கு வந்த கோபத்தை உம்மா பிரஷர் என்று சொல்லிக் குளிசையை நீட்டினாள். நோன்புக்கு இன்னும் பத்து நாள்தான், பெருநாள் உடுப்புக்கு ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். கொழும்பிலிருந்து ஒரு பிள்ளை தன் அளவெல்லாம் நஸ்ஹாவின் போனுக்கு எழுதி அனுப்பி, துணியைப் பஸ்ஸில் போட்டுவிட்டது. உம்மா துணியைப் பிரிக்காமலே அடுத்த பஸ்ஸில் திருப்பி அனுப்பினாள். ஆள் நேரே வந்து முன்னால் நிற்காமல் அவள் கத்தரியைத் தொடமாட்டாள் என்பது உனக்குத் தெரிந்ததுதானே, கடதாசியில் வருகிற அளவு மூச்சு விடாது என்பாள். நஸ்ஹா சொல்லிப் பார்த்தாள், இந்தக் காலத்தில் எல்லாரும் அனுப்புகிறார்கள் உம்மா என்று. அப்படியென்றால் எல்லாரிடமும் போய்த் தைக்கட்டும் என்றாள்.

நேற்றுப் புதன்கிழமை. பொதி கட்ட ஒரு நாள் வேண்டும், இனியும் காத்திருக்க ஏலாது. அஸருக்குப் பிறகு விறாந்தையில் மெஷின் போட்டிருக்கிற இடத்தில் வெளிச்சம் நன்றாக இருந்தது. மெஷின், அவளுடைய கதிரை, கதிரையில் அவள் கழற்றிப் போட்ட அளவு நாடா. ஆள் இல்லை, உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். சரி, முகம் இல்லாவிட்டால் கதிரையாவது போகட்டும் என்று எடுக்கத் தொடங்கினேன். அவளுக்குக் கேட்கட்டும் என்றும் நினைத்தேன், மறைப்பானேன். சாவி முடிய முடிய முறுக்கி முறுக்கி எடுத்தேன். கெமராவில் மிச்ச அடி காட்டுகிற இலக்கம் குறைந்துகொண்டே வந்து பூச்சியத்துக்கு வந்துவிட்டது. நான் வெயிலில் அளந்து நாசமாக்கிய சுருள் அப்போதுதான் ஞாபகம் வந்தது, பூச்சியத்துக்குப் பிறகும் நாலடி உண்டு, நாலடி என்றால் இருபது விநாடி. கெமராவின் பொத்தானிலிருந்து விரலை எடுக்காமல் அந்த இருபது விநாடியும் வெறுங் கதிரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாருங்கள், வாருங்கள் என்று மனதுக்குள் எத்தனை தரம் சொன்னேன் என்று தெரியாது. நான் அப்படியெல்லாம் உருகுகிற ஆள் இல்லை, நீயும் அறிவாய். பிறகு சத்தம் மாறியது. கடகடவென்று பாரம் இழுத்துக்கொண்டிருந்தது இலேசாகி, சும்மா சுற்றுகிற சத்தம் வந்தது. பிலிமின் வால் கழன்றுவிட்டது. படம் முடிந்தது.

நான் விரலை எடுக்கப்போகிற நேரம் உம்மா உள்ளேயிருந்து வந்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கதிரையைத் தள்ளிவிட்டு மெஷினுக்கு முன்னால் நேராக நின்றாள்.

"றிஸ்கான்ட வாப்பா, ஓடுதா?"

மகன், இரண்டு வருடம் எட்டு மாதத்துக்குப் பிறகு அந்தப் பெயரில் நான் கூப்பிடப்பட்டேன். படம் முடிந்துவிட்டது என்று என்னால் எப்படிச் சொல்ல முடியும். ஓடுகிறது என்றேன். சத்தம் பதியாதுதானே என்று கேட்டாள். பதியாது என்றேன், அது உண்மை. அப்படியென்றால் சரி என்று கெமராவின் கண்ணை நேராகப் பார்த்துப் பேசத் தொடங்கினாள். நான் வெறுங் கெமராவைப் பிடித்துக்கொண்டு நின்றேன், முறுக்கு முடிந்தபோது இன்னொருமுறை முறுக்கினேன். அவள் சொன்னதை அப்போதே மனதில் வைத்து, பள்ளிக்குப் போகிற வழியில் நின்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டேன். சொல் மாறாமல் கீழே இருக்கிறது.

"மகன், ஊருல எல்லாப் பொம்புளப் புள்ளைக்கும் கல்யாண உடுப்புத் தைச்ச கை இது. என்ட வீட்டுக்கு வாற புள்ளைக்கு ஒரு நூல் கோக்க நீ என்ன விடல்ல. எனக்குக் கோவம் இல்ல, கவலதான். அந்தப் படத்துல அவள்ட தோள் இறங்கி நிக்கிது, வலது பக்கம். ஆரு தைச்சானோ. ராவு பகலா அது என்ட கண்ணுக்குள்ள நிக்கிது. நீ மெலிஞ்சிட்ட. நல்லாச் சாப்புடு."

அவ்வளவுதான். முடிந்ததா என்றாள், முடிந்தது என்றேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கதிரையை இழுத்து உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்தாள். நீ மெலிந்தது அவளுக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. என்னுடைய போன் சில நாள் விறாந்தையில் வைத்த இடத்தில் இல்லாமல் அடுப்படியில் கிடப்பதை நான் இவ்வளவு நாளும் பேத்தியின் வேலை என்று நினைத்திருந்தேன்.

பையில் வைத்துச் சுருளை வெளியே எடுத்தபோது தடவிப் பார்த்தேன், ஒரு முழமாவது மிச்சம் இருக்குமோ என்று. எல்லாம் ஓடித்தான் இருந்தது. ஆகவே கழுவியதும் நீ காண்பது உம்மாவின் முதுகு மூன்று விநாடி, உம்மாவின் கதிரை ஒரு நிமிடத்துக்குக் கிட்ட. எல்மாவிடம் சொல், கடைசி வரைக்கும் தேட வேண்டாம், அவளுடைய கழுவலில் பிழை இல்லை. இப்போது நான் கேட்பது ஒன்றுதான், அதற்காகவே இந்தக் கடிதம். சுருளைக் கழுவியபிறகு நீ போன் எடுக்கும்போது, உம்மாவைப் பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொல், உரத்துச் சொல், மெஷின் நிற்கும், அவளுக்குக் கேட்கும். கண்ணாடியைக் கையில் வைத்திருந்தார்கள் என்று சொல். உடுப்பின் நிறத்தைச் சொல்லிப் பிடிபடாதே, சுருள் கறுப்பு வெள்ளை. இது பொய்தான். முன்னர் ஒரு கிழமை வாயை மூடிக்கொண்டிருந்து அவளை நோகப்பண்ணினவன் நான், இப்போது வாயைத் திறந்து இன்னொன்று செய்கிறேன். எனக்கு இது பாரமாக இருக்கிறது, நேற்று இஷா தொழும்போது எத்தனையாவது ரக்அத் என்று தெரியாமல் போய்விட்டது. ஆனால் அவள் நேற்றிலிருந்து என்னை நஸ்ஹாட வாப்பா என்று கூப்பிடவில்லை, காலையில் தேநீருக்கும் றிஸ்கான்ட வாப்பாதான். அதை இழக்க எனக்கு விருப்பமில்லை.

சுருளை வெள்ளிக் கடதாசியில் சுற்றிப் பிஸ்கட் பெட்டியில் வைத்திருக்கிறேன், பெட்டிக்குத் துணி உறை தைக்கச் சொல்லி உம்மாவிடம் கொடுக்கப்போகிறேன், நீ கேட்ட கருவாடு வேறு பொதி, சேர்த்து வைத்தால் படத்திலும் மணக்கும். கடிதத்தை ஒட்டி, பெட்டியின் அடியில் பைக்குக் கீழே வைத்துவிடுவேன், அவள் பார்க்கமாட்டாள். பனியில் சைக்கிள் ஓடாதே. நோன்பு அங்கே எத்தனை மணி நேரம் என்று எழுது, ஸஹரில் வெறும் பாண் மட்டும் தின்று நோன்பு பிடிக்காதே, எல்மாவையும் பிடிக்க விடாதே. சுபஹைத் தவறவிடாதே. உன்னையும் அந்தப் பிள்ளையையும் அல்லாஹ் ஒரு கூரைக்குக் கீழே சிரித்த முகத்தோடு வைத்திருக்கட்டும், உங்கள் கையில் பறக்கத்தைத் தரட்டும், கண் மூடுவதற்குள் உங்கள் இருவரையும் இந்த விறாந்தையில் காண எங்களுக்கு நஸீபாக்கட்டும். நான் கேட்ட அந்த ஒரு வார்த்தையை மறந்துவிடாதே.

என்றும் உன் நலம் நாடும் வாப்பா,
மு. பதியுதீன்

மகன், வாப்பா லுஹருக்குப் போயிட்டார். உறை தைக்க முந்தி எல்லாத்தையும் எடுத்து வெளிய வெச்சன், கடிதம் இருந்திச்சி, ஒட்டினது சரியா ஒட்டல்ல, வாசிச்சன். படம் முடிஞ்ச சத்தம் கேட்டுத்தான் நான் வந்து நிண்டன். முப்பத்தஞ்சு வருஷம் மெஷின்ல இரிக்கிறவளுக்கு நூல் முடிஞ்ச சத்தம் தெரியாதா. வாப்பாக்குச் சொல்ல வேணாம், கொஞ்ச நாளைக்கு அவர் யோசிச்சிக்கிட்டு இரிக்கட்டும். அந்தப் புள்ளைக்கு ஒரு உடுப்புத் தைக்க எண்டு அலுமாரில துணி எடுத்து வெச்சிரிக்கன், நீ படிக்கப் போன வருஷம் எடுத்தது. அளவு எழுதி அனுப்ப வேணாம். அனுப்புற அளவுக்கு நான் தைக்கிறல்ல, உனக்குத் தெரியும்தானே.

உம்மா